டைனோசரோட கொள்ளுத்தாத்தா யாரு?

டி-ரெக்ஸைத் தெரியாதவங்க நம்மில் யாரும் இருக்க மாட்டீங்க. ஆனா அதோட மூதாதையர் எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சிருக்கீங்களா? சின்னதா, ரெண்டு கால்ல ஓடுற குட்டி டைனோசர் மாதிரியா? விஞ்ஞானிகளும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்தார்கள்.

சுமார் 25.2 கோடி ஆண்டுகளுக்கு முன், சைபீரிய எரிமலைகள் வெடித்த காலத்தில், பூமியின் பெரும்பாலான உயிரினங்கள் அழிந்தன. அதன்பின் 'ஆர்க்கோசார்' என்ற ஊர்வன கூட்டம் பெருகி இரண்டு கிளையானது. ஒரு கிளையில் இன்று மிச்சமிருப்பது முதலை. இன்னொன்றில் வந்தவை டைனோசர்களும் பறவைகளும். ஆமாங்க, காக்காவும் முதலையும் தூரத்துப் பங்காளிங்க!

கிடைத்த எலும்பு எந்தக் கிளை என்று எப்படிச் சொல்வது? கணுக்காலைப் பார்ப்பார்கள். முதலையின் கணுக்காலில் இரண்டு எலும்புகள் முளையும் குழியுமாகப் பொருந்தி, ஒன்றின்மேல் ஒன்று சுழலும். டைனோசருக்கும் பறவைக்கும் கதவுக் கீல் மாதிரி முன்னும் பின்னும்தான் மடங்கும். (நீங்க சாப்பிடுற லெக் பீஸோட கீழ் முனைதான் கோழியின் கணுக்கால்.)

1933-இல் ரெக்ஸ் பாரிங்டன் தான்சானியாவில் சில எலும்புகளைச் சேகரித்தார். 1950-களில் ஆலன் சாரிக் அவற்றை ஆராய்ந்து 'டெலியோக்ரேட்டர்' என்று பெயரிட்டார். ஆனா பாருங்க, கணுக்கால் எலும்பு மட்டும் இல்லை! எந்தக் கிளை என்று முடிவாகாமலே 1997-இல் அவர் காலமானார்.

2015-இல் ஸ்டெர்லிங் நெஸ்பிட்டும் குழுவினரும் தெற்குத் தான்சானியாவில் மேலும் எலும்புகளைக் கண்டெடுத்தார்கள். இந்த முறை கணுக்காலும் கிடைத்தது. 2017-இல் 'நேச்சர்' இதழில் முடிவு வெளியானது. மண்டையோட்டில் தாடைத் தசை ஒட்டும் பள்ளம் பறவைக் கிளையைக் காட்டியது. கணுக்காலோ அப்படியே முதலை! 24.5 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த, நீண்ட கழுத்துள்ள, 2 முதல் 3 மீட்டர் நீளமுள்ள, நாலு கால்ல நடந்த ஊனுண்ணி அது. தெலங்கானாவின் கோதாவரிப் படுகையில் கிடைத்த 'யாராசூக்கஸ்' இதோட நெருங்கிய சொந்தம். அப்போது இந்தியாவும் ஆப்பிரிக்காவும் பாஞ்சியா என்ற ஒரே நிலப்பரப்பில் இருந்தன.

டெலியோக்ரேட்டர் டைனோசரின் நேரடித் தாத்தா அல்ல. அந்தக் கிளையில் முதலில் பிரிந்த உறவுகளில் ஒன்று. ஆனா அது ஒன்றைத் தெளிவாக்கிவிட்டது: டைனோசர் என்ற மெஷின் ஒரே நாளில் அசெம்பிள் ஆகவில்லை. முதலில் மண்டை, ரொம்ப நாள் கழித்துக் கணுக்கால் என்று ஒவ்வொரு பார்ட்டாக மாறியிருக்கிறது.

இன்னொரு விஷயம். அந்த 2017 கட்டுரையை எழுதியவர்கள் பட்டியலில் கடைசிப் பெயர் ஆலன் சாரிக். அவர் இறந்து அப்போது 20 வருஷம் ஆகியிருந்தது.