கம்சட்கா எரிமலை நடைப்பயணம்: காத்திருக்கும் நாள்களையும் கணக்கில் சேர்க்க வேண்டியது ஏன்?

புதுதில்லி: பசிபிக் பெருங்கடலுக்கும் ஓகோட்ஸ்க் கடலுக்கும் இடையே நீண்டு கிடக்கும் ரஷ்யாவின் கம்சட்கா தீபகற்பத்தில் ஏறத்தாழ 300 எரிமலைகள் உள்ளன. அவற்றுள் சுமார் 30 இன்றும் செயல்படுபவை. இங்குள்ள எரிமலைப் பகுதிகள் 1996ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டன.

இந்தியாவின் ஒரே செயல்படும் எரிமலை அந்தமானின் பாரன் தீவில் உள்ளது. அங்கு சுற்றுலாப் பயணிகள் தரையிறங்க அனுமதியில்லை, கப்பலிலிருந்து பார்க்கலாம். எரிமலைச் சரிவில் நடக்க விரும்புவோர் வெளிநாடுகளையே நாட வேண்டியுள்ளது. அவ்வாறான இடங்களுள் கம்சட்கா மிகக் கடினமானவற்றில் ஒன்று.

சாலை இல்லாத நிலம்

ரஷ்யாவின் பிற பகுதிகளிலிருந்து கம்சட்காவுக்குச் சாலையோ ரயில் பாதையோ கிடையாது. மாஸ்கோவிலிருந்து தலைநகர் பெட்ரோபாவ்லோவ்ஸ்க்-கம்சட்ஸ்கிக்கு எட்டு மணி நேரத்துக்கும் மேலான விமானப் பயணம். அங்கிருந்து பல இடங்களுக்கு ஹெலிகாப்டர் அல்லது ஆற்றைக் கடக்கவல்ல கனரக வாகனமே வழி.

1941ஆம் ஆண்டு நிலவியலாளர் தத்யானா உஸ்தினோவா கண்டறிந்த வெந்நீர் ஊற்றுப் பள்ளத்தாக்கு இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. குரோனோட்ஸ்கி இயற்கைக் காப்பகத்துக்குள் இருக்கும் அவ்விடத்துக்குப் பயணிகள் ஹெலிகாப்டரிலேயே அழைத்துச் செல்லப்படுகின்றனர். மூடுபனி சூழ்ந்தால் ஹெலிகாப்டர் புறப்படாது. சில வேளைகளில் இக்காத்திருப்பு நாள்கணக்கில் நீளும்.

எனவே, பயணத் திட்டத்தில் குறைந்தது இரண்டு மூன்று நாள்களை எதற்கும் ஒதுக்காமல் விடுவது அவசியம். இந்தியர்களுக்கு 2023 ஆகஸ்ட் முதல் ரஷ்யாவின் மின்னணு விசா வசதி உள்ளது. அதில் தங்கும் நாள்களுக்கு வரம்பு உண்டு என்பதால், காத்திருக்கும் நாள்களையும் அந்த வரம்புக்குள் அடக்கியே திட்டமிட வேண்டும். காப்பகப் பகுதிகளுக்கும் எல்லைக் காவல் பகுதிகளுக்கும் தனி அனுமதி தேவைப்படும்.

2022இல் நேர்ந்தது என்ன?

யூரேசியாவின் மிக உயரமான செயல்படும் எரிமலை கிளியுச்செவ்ஸ்கயா. இதன் உயரம் சுமார் 4,750 மீட்டர். 2022 செப்டம்பர் தொடக்கத்தில் இதில் ஏறச் சென்ற 12 பேர் கொண்ட குழுவில் 9 பேர் உயிரிழந்தனர். உச்சியை நெருங்கும் சரிவில் சிலர் வழுக்கி விழுந்தனர். மீட்புக்குச் சென்ற ஹெலிகாப்டர் பலத்த காற்றால் மேலே தரையிறங்க இயலவில்லை. மீட்புக் குழுவினர் கீழிருந்து நடந்தே ஏற வேண்டியதாயிற்று.

நகரங்களில் உதவி கிடைக்கும் வேகத்தை இங்கு எதிர்பார்க்க இயலாது என்பதையே இச்சம்பவம் காட்டுகிறது. காற்று எந்த அளவுக்கு வலுத்தால் திரும்புவது, எத்தனை மணிக்குள் உச்சியை எட்டாவிட்டால் இறங்குவது என்பவற்றைக் குழுவினர் முகாமிலேயே பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும். களைப்பும் உச்சி ஆசையும் சேரும்போது எடுக்கப்படும் முடிவு பெரும்பாலும் சரியாக அமைவதில்லை.

எரிமலையின் நிறக் குறியீடு

கம்சட்கா எரிமலைகளைக் கண்காணிக்கும் விஞ்ஞானிகள் குழு, பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு ஆகிய நான்கு நிறங்களில் எச்சரிக்கை வெளியிடுகிறது. பச்சை என்றால் அமைதி. மஞ்சள் என்றால் கொந்தளிப்பின் அறிகுறி. ஆரஞ்சும் சிவப்பும் வெடிப்பு நெருங்குவதையோ நிகழ்வதையோ குறிக்கும். இவை விமானங்களுக்கான எச்சரிக்கைகள் எனினும், நடைப்பயணிகளும் புறப்படும் நாளன்று இவற்றைப் பார்ப்பது நல்லது.

1975ஆம் ஆண்டு டோல்பாச்சிக் வெடிப்பை, அதற்கு முன் தொடர்ந்த சிறு நிலநடுக்கங்களைக் கொண்டு ரஷ்ய விஞ்ஞானிகள் முன்கூட்டியே கணித்தனர். ஆனால் எல்லா எரிமலைகளும் அவ்வாறு அவகாசம் தருவதில்லை. 2025 ஜூலை இறுதியில் கம்சட்கா கடற்கரைக்கு அப்பால் 8.8 அளவிலான நிலநடுக்கம் ஏற்பட்டது. அடுத்த சில நாள்களில், பல நூற்றாண்டுகள் உறங்கிக் கிடந்த கிராஷெனின்னிகோவ் எரிமலை வெடித்தது. பச்சை நிறம் இன்றைய நிலையை மட்டுமே கூறுகிறது என்பது கவனத்தில் கொள்ளத்தக்கது.

வாயு, நீர், கரடி

எரிமலை வாயுக்களில் கார்பன் டை ஆக்சைடும் ஹைட்ரஜன் சல்பைடும் காற்றைவிடக் கனமானவை. காற்றில்லாத நாள்களில் இவை பள்ளங்களில் தேங்கும். கிக்பினிச் எரிமலை அருகே ‘மரணப் பள்ளத்தாக்கு’ என அழைக்கப்படும் இடத்தில் விலங்குகளும் பறவைகளும் இவ்வாறே மடிகின்றன. ஆகவே, வாயு வெளியேறும் பகுதிகளில் தாழ்வான இடத்தில் கூடாரம் அமைக்கக் கூடாது.

நீரும் எளிதன்று. சில ஓடைகள் அமிலத்தன்மை கொண்டவை. சாம்பல் கலந்த நீர் வடிகட்டியை அடைத்துவிடும். எரிமலைக் குழம்பு உறைந்த பரப்பில் மழைநீர் தங்காது உள்ளிறங்குவதால், அடுத்த நீர்நிலை எங்குள்ளது என்பதை வரைபடத்தில் முன்பே குறித்துக்கொள்வது நலம். பனி உருகிப் பெருகும் ஆறுகளைக் காலையில், நீர்மட்டம் தாழ்ந்திருக்கும்போதே கடக்க வேண்டும்.

பழுப்புக் கரடிகள் இங்கு மிகுதி. உணவைக் கூடாரத்துக்குள் வைக்காமலும், புதர்ப் பகுதிகளில் குரல் கொடுத்தபடியும் செல்வது வழக்கம். அனுபவமற்றோர் உள்ளூர் வழிகாட்டியின்றிச் செல்லலாகாது.

தொலைத்தொடர்பு

நகரைத் தாண்டினால் கைப்பேசி அலைவரிசை பெரும்பாலும் கிடைக்காது. செயற்கைக்கோள் தொலைபேசியே துணை. ஆனால் இந்தியாவில் உரிய அனுமதியின்றி அக்கருவியை வைத்திருப்பது குற்றம். எனவே இந்தியப் பயணிகள் அதை வாங்கி வராமல், அங்கேயே வாடகைக்கு எடுத்துத் திருப்பித் தருவதே பாதுகாப்பானது.

ஜூலை பிற்பகுதி முதல் செப்டம்பர் முற்பகுதி வரையே நடைப்பயணத்துக்கு உகந்த காலம். புறப்படும் முன் பாதை விவரத்தையும் திரும்பும் நாளையும் ரஷ்ய அவசரநிலை அமைச்சகத்தின் உள்ளூர்ப் பிரிவில் பதிவு செய்ய வேண்டும். குழு குறித்த நாளில் திரும்பாவிட்டால், எங்கே தேடுவது என்பது அப்பதிவைக் கொண்டே தெரியவரும்.