மூன்று சிப்பாய்களின் அணிவகுப்பு

1834-ஆம் ஆண்டு லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் சதுரங்க மன்றத்தில் பிரெஞ்சுக்காரரான லா பூர்தொன்னேயும் பெல்ஃபாஸ்ட்காரரான மெக்டொனலும் ஆடிய 85 ஆட்டங்களுள், ரஸிகர்கள் இன்றும் பலகையில் பரப்பிப் பார்த்து மகிழ்வது, கறுப்புக் காய்கள் ஸிஸிலியன் தற்காப்பினால் வென்ற ஓர் ஆட்டத்தையே. தற்காப்பு என்பது பெயரளவில்தான். வெள்ளை ராஜாவின் சிப்பாய் இரண்டு கட்டம் பாய்ந்ததும், எதிரே நின்று மல்லுக்கட்டாமல், ராணிப் பக்கத்து மந்திரியின் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி, நடுக்களத்தைப் பக்கவாட்டிலிருந்து தாக்கும் யுக்தி அது. (கோழையின் ஆட்டமென்று நினைப்பவர் ஒருமுறை ஆடிப் பார்க்கட்டும்.) அந்த ஆட்டத்தில் லா பூர்தொன்னேயின் கறுப்புச் சிப்பாய்கள் மூன்று படிப்படியாக முன்னேறி, 37-ஆம் நகர்த்தலில், ராணியாவதற்கு ஒரே கட்டம் பாக்கியிருக்க, மூன்றும் தோளோடு தோள் உரசி நின்ற விநோதக் காட்சியைக் கண்டு மெக்டொனல் தோல்வியை ஒப்புக்கொண்டார்.