பில் இல்லாத பிராசசரும் பயாஸில் கைவைக்கும் பழக்கமும்

குறைந்த செலவில் பாகம் பாகமாக வாங்கிப் பொருத்தப்படும் மேசைக் கணினிகள், கடைவழக்கில் 'அசெம்பிள் செட்' எனப்படுபவை, திருநெல்வேலி சந்திப்பிலும் வண்ணார்பேட்டையிலும் பாளையங்கோட்டையிலும் பழுதுநீக்குவோரின் மேசைக்கு மீண்டும் மீண்டும் வந்து சேர்வதற்கு இரண்டு பழக்கங்கள் காரணமாகின்றன. பில் போட்டால் 18 சதவீதம் ஜிஎஸ்டி கூடும் என்று கேட்டவுடன் துண்டுச்சீட்டோடு திரும்பிவிடுவது ஒன்று. வாங்கிய சில நாட்களிலேயே யூடியூப் காணொளியைப் பார்த்து, மதர்போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸில் கைவைத்துப் பிராசசரின் வேகத்தைக் கூட்ட முனைவது மற்றொன்று. இரண்டும் சேர்ந்துவிட்டால், பொருள் கெடும் நாளில் வாங்கியவரிடம் தம் உரிமையை நிலைநாட்ட ஒரு தாளும் மிஞ்சுவதில்லை.

தெரிவிலேயே தவறு தொடங்குகிறது. 'ஐ7 கேமிங் செட்' என்று மலிவு விலையில் விற்கப்படுவது பல வேளைகளில் 2011இல் வெளிவந்த கோர் ஐ7-2600 பிராசசரும் எச்61 மதர்போர்டுமாக இருக்கிறது. அதில் உள்ள 4 கோர், 8 திரெட் எண்ணிக்கையே 2022இல் வந்த ஐ3-12100எஃப் பிராசசரிலும் உண்டு என்பதோடு, வேகத்தில் பின்னதே மிக முந்தியது. இன்டெலில் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பிராசசர்களில் மிகப் பெரும்பாலானவற்றை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பதில்லை. விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. ஆகவே ஐ5, ஐ7 என்ற அடைமொழியை விட்டுவிட்டு, முழு மாடல் எண்ணைக் கேட்டுப் பில்லில் எழுதச் சொல்வதே முறை. எண்ணின் இறுதியில் 'எஃப்' என்று இருந்தால் அந்த இன்டெல் பிராசசரில் காட்சித்திறன் இல்லை. தனி கிராபிக்ஸ் கார்டு இன்றித் திரையில் படம் வராது. ஏஎம்டியின் ரைசன் 5 5600க்கும் இதுவே பொருந்தும். 5600ஜி மாடலில் காட்சித்திறன் உள்ளடங்கியிருக்கிறது.

ஓவர்கிளாக்கிங் என்பது உற்பத்தியாளர் வரையறுத்த வேகத்துக்கு மேல் பிராசசரை ஓடச்செய்வது. 1998இல் வந்த செலிரான் 300ஏ என்னும் மலிவான பிராசசரை 300 மெகாஹெர்ட்ஸிலிருந்து 450க்கு எளிதாக ஏற்ற முடிந்ததால் பரவிய ஆசை இது. இன்றைய மலிவுச் சந்தையில் அதற்கு இடம் சுருங்கிவிட்டது. இன்டெலில் 'கே' எழுத்துடைய பிராசசரையும் இசட் வரிசை மதர்போர்டையும் சேர்த்து வாங்கினால்தான் முறைப்படி வேகம் கூட்டலாம். அந்தச் சேர்க்கை மலிவானதன்று. ரைசன் பிராசசர்களில் பெரும்பாலானவை பூட்டப்படாதவை என்றாலும், ஏ320, ஏ520 போன்ற மலிவு மதர்போர்டுகளில் அவற்றின் வேகத்தை ஏற்ற வழியில்லை. பி450, பி550 போன்றவை வேண்டும். அப்படியே ஏற்றினாலும், இன்றைய பிராசசர்கள் தேவைக்கேற்பத் தாமாகவே வேகத்தைக் கூட்டிக்கொள்வதால் (5600இன் வரம்பு 4.4 கிகாஹெர்ட்ஸ்) கைமுறையில் கிடைக்கும் ஆதாயம் மிகச் சொற்பம்.

நட்டம் அப்படிச் சொற்பமன்று. பிராசசர் உறிஞ்சும் மின்திறன் வேகத்துக்கு நேர்விகிதத்திலும் மின்னழுத்தத்தின் இருமடிக்கு நேர்விகிதத்திலும் ஏறுவதால், இரண்டையும் பத்துப் பத்துச் சதவீதம் கூட்டினால் வெப்பம் ஏறத்தாழ 33 சதவீதம் கூடும். சித்திரை வெயிலில் ஓட்டுவீட்டு மாடியறையில், பெட்டியோடு வந்த சிறிய கூலரையும் பெயர் தெரியாத எஸ்எம்பிஎஸ் மின்வழங்கியையும் நம்பி இதைச் செய்பவர், மதர்போர்டின் மின்னழுத்தச் சீராக்கிப் பகுதியையும் சேர்த்தே பணயம் வைக்கிறார். அதற்கும் மேலாக, ஓவர்கிளாக்கிங்கால் விளையும் சேதத்துக்கு வாரண்டி கிடையாது என்று ஏஎம்டி தன் நிபந்தனைகளில் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. ரேமின் வேகத்தைக் கூட்டும் எக்ஸ்எம்பி, எக்ஸ்போ அமைப்புகளும் நிபந்தனைப்படி ஓவர்கிளாக்கிங்கிலேயே சேரும் என்பதைப் பலர் அறிவதில்லை.

பயாஸைத் தொடவே கூடாது என்று இதற்குப் பொருளில்லை. 13, 14ஆம் தலைமுறை இன்டெல் பிராசசர்களில் சில மாடல்கள் மிகை மின்னழுத்தத்தால் நிலைகுலைவது 2024இல் உறுதியானதை அடுத்து, இன்டெல் திருத்தங்களை வெளியிட்டு, அவற்றின் வாரண்டியையும் இரண்டு ஆண்டு நீட்டியது. அத்தகைய பிராசசர் வைத்திருப்போர் மதர்போர்டு நிறுவனத்தின் புதிய பயாஸை ஏற்றிக்கொள்ள வேண்டும். அது பழுதுநீக்கமே தவிர ஓவர்கிளாக்கிங் ஆகாது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவற்றுள் முதன்மையானது, பெட்டியோடு வரும் பிராசசருக்கும் 'ட்ரே' எனப்படும் பெட்டியில்லாப் பிராசசருக்கும் உள்ள வேறுபாடு. பெட்டிப் பிராசசருக்கு இன்டெலும் ஏஎம்டியும் பொதுவாக மூன்று ஆண்டு வாரண்டி தருகின்றன. ட்ரே பிராசசருக்கு இன்டெல் நேரடியாகப் பொறுப்பேற்பதில்லை, விற்றவரையே கேட்க வேண்டும். பெட்டியின் மேல் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, எம்ஆர்பி அச்சிட்ட ஒட்டுத்தாள் இருப்பது 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளின்படி கட்டாயம். அது இல்லாவிட்டாலும், எம்ஆர்பிக்கு மேல் வாங்கினாலும், புகாரைத் தொழிலாளர் துறையின் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். கூலரைப் பொருத்துவதற்கு முன் பிராசசரின் மேற்பரப்பில் உள்ள எண்களையும் பெட்டியில் உள்ள வரிசை எண்ணையும் படமெடுத்துக்கொள்ள வேண்டும்; வெப்பப் பசை பூசிய பின் அவற்றைப் படிக்க முடியாது. பில்லில் 15 இலக்க ஜிஎஸ்டி எண் (தமிழ்நாட்டுக் கடையானால் 33 என்று தொடங்கும்), மாடல் எண், வரிசை எண் ஆகியவை இருக்க வேண்டும். பழைய பொருள் வாங்குவோர், 2023 டிசம்பரில் தாமிரபரணி வெள்ளம் திருநெல்வேலி நகருக்குள் புகுந்ததை மறவாமல், போர்டில் வெண்பூப்பும் பச்சைக்கறையும் உண்டா என்று பார்ப்பது நல்லது.

பில் தராமை, பழுதான பொருளைத் திரும்பப் பெற மறுப்பது, பழையதைப் புதிதென்று விற்பது ஆகிய மூன்றும் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(47) பிரிவின்படி நேர்மையற்ற வணிக நடைமுறைகள். பிழைப்புக்காகத் தாமே டிடிபி மையமோ வீடியோ எடிட்டிங்கோ நடத்துபவரும் இச்சட்டப்படி நுகர்வோரே. பழுது ஏற்பட்டால், உற்பத்தியாளரின் இணையதளத்தில் வாரண்டிக் கோரிக்கையைப் பதிந்து அதன் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். கடையில் பொருளைக் கொடுப்பதானால் வரிசை எண் எழுதிய ரசீது இன்றிக் கொடுக்கக் கூடாது. இணையத்தில் வாங்கியவர் அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதினால், அவர் 48 மணி நேரத்தில் ஒப்புதலும் ஒரு மாதத்தில் தீர்வும் தர வேண்டும். கடைக்காரர் மறுத்தால், 15 நாள் தவணை கொடுத்து எழுத்து வடிவில் அறிவிப்பை ஒப்புதல் பெறும் வசதியுடன் விரைவு அஞ்சலில் அனுப்ப வேண்டும். வாட்ஸ்அப்பில் வாக்குவாதம் செய்வது அறிவிப்பு ஆகாது.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் செய்யலாம். ஆனால் அது இருதரப்பையும் பேசவைக்குமே ஒழிய ஆணையிடாது. கொக்கிரகுளத்தில் உள்ள ஆட்சியர் அலுவலகத்துக்குத் திங்கட்கிழமைதோறும் மனுவோடு போவோரும் இதை உணர வேண்டும்: ஒருவரின் பணத்தைத் திருப்பித் தரச் சொல்லும் இடம் அதுவன்று, மனு மேசை மாறி மேசை நகர்வதற்குள் மாதங்கள் போய்விடும். ஆணையிடும் அதிகாரம் உள்ள இடம் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கடை சென்னையிலோ பெங்களூரிலோ இருந்தாலும், வாங்கியவர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம் என்கிறது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34ஆம் பிரிவு. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. புகார் மனு, அதை உறுதிசெய்யும் பிரமாணப் பத்திரம், பில், வாரண்டி அட்டை, வரிசை எண் படங்கள், அறிவிப்பின் நகல், அஞ்சல் ஒப்புதல் ஆகியவற்றை நேரிலோ, நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்திலோ தாக்கல் செய்யலாம். பழுதை ஆய்வகத்தில் சோதிக்க ஆணையம் உத்தரவிடக்கூடும் என்பதால், இடையில் வேறு எவரிடமும் அந்தப் பொருளைப் பிரிக்கக் கொடுக்கக் கூடாது. எதிர்த்தரப்பு பதிலளிக்க 30 நாளும், அனுமதித்தால் மேலும் 15 நாளும் உண்டு. மூன்று மாதத்தில், சோதனை வேண்டியிருந்தால் ஐந்து மாதத்தில், முடிக்க முயல வேண்டும் என்பது சட்டம்; அந்தக் கெடு ஏட்டோடு நின்று வாய்தாவில் கரைவதும் உண்டு. ஆனால் புகார்தாரருக்கு உரிய கெடு கண்டிப்பானது. வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனு தாக்கலாக வேண்டும், 1915இல் புகார் நிலுவையில் இருப்பதால் அது நீளாது.

கடைகளில் தரப்படும் பில்களில் பல வெப்பத்தாளில் அச்சிடப்படுபவை. அவற்றின் எழுத்து மங்கி அழிந்துவிடும். வாங்கிய அன்றே பில்லை நகலெடுத்து, படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.