தேங்காய் நிமிர்ந்த இடம்

லிங்கராஜபுரத்து நம்மவர் மனை வாங்கியதும், கொத்தனாருக்கு முன்னரே நீரோட்டம் பார்ப்பவரை அழைப்பதுண்டு. அவர் உள்ளங்கையில் தேங்காயைக் கிடத்தி மனையெங்கும் நடப்பார். அது நிமிர்ந்து நின்ற இடத்திலே ஆழ்துளைக் கிணறு! கவைக்குச்சியை நம்புவோரும் உளர்.

இது பாமரர் நம்பிக்கை மட்டுமன்று. 1925-இல் பம்பாய் அரசே மேஜர் போக்சன் என்ற ஆங்கிலேயரை நீர் காண்பவராக நியமித்தது. ஆயின், 1987, 88-இல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் தேர்ந்த 43 பேரைக் கொண்டு 843 முறை சோதித்தனர். சிலருக்கு அத்திறன் உண்டென்றனர் சோதித்தவர்கள். அவ்வெண்களை மீண்டும் ஆராய்ந்த என்ரைட் என்ற அறிஞரோ, குருட்டு ஊகத்தினும் மேம்பட்டதன்று என்றார்.

குச்சி அசைவது பொய்யன்று. மனத்தின் எதிர்பார்ப்பு நாம் அறியாமலே தசையை இயக்கும் என்று 1852-இலேயே கார்ப்பெண்டர் விளக்கினார். பார்ப்பவரை ஏமாற்றுக்காரர் என ஏசுவது முறையன்று.

பெங்களூரின் அடியில் இருப்பது கடும்பாறை. நீர் அதன் பிளவுகளிலேதான் தங்கும். 2024 மார்ச்சில் நகரின் 13,900 அரசு ஆழ்துளைக் கிணறுகளுள் ஏறத்தாழ 6,900 வற்றிவிட்டதாக அரசே அறிவித்தது. ஆயிரம் அடி துளைத்தும் புழுதியே வந்தால், துளைத்தவர் அடிக்கணக்கில் கூலி பெறுவார். பார்த்தவர் தட்சிணையை முன்னரே பெற்றிருப்பார். சேமநிதிக் கடனும் சீட்டுப் பணமும் கரைவது நமக்கே. (நகை அடகுக்குப் போன வீடுகளும் உண்டு.)

அண்டை வீட்டாரின் கிணறு எத்தனை அடி, எந்த ஆண்டு வற்றியது என்று முதலிற் கேளுங்கள், அதற்குக் கட்டணமில்லை. பின்னர் நிலத்தின் மின்தடையை அளக்கும் நிலவியலாரை அழையுங்கள். அவரும் உறுதி கூறார்; துளைக்க வேண்டாமென்று சொல்லவும் கூடும்.