காதே கண்ணாக

பார்வையற்றோருக்கு எழுத்தறிவு தந்த லூயி பிரெய்லை (1809–1852) நாம் அனைவரும் அறிவோம். அவர் பாரிஸ் நகரத் தேவாலயங்களில் ஆர்கன் வாசித்தவர் என்பதை நம்மில் பலர் அறியோம். 1829-இல் அவர் வெளியிட்ட நூலில் எழுத்துக்கு மட்டுமன்றி இசைக்கும் புள்ளிக் குறியீடுகள் இருந்தன. எழுத்தும் இசையும் ஒருசேரத் தம்மைப் போன்றோரின் விரலுக்கு எட்ட வேண்டும் என்று அவர் விரும்பினார் போலும்!

இன்று ஒரு கணிப்பொறியும் சிறு கீபோர்டும் இருந்தால், ஒருவரே வீட்டில் அமர்ந்து பல கருவிகள் முழங்கும் பாடலைப் பதிவு செய்யலாம். இது எப்படி? உண்மையான கருவியைச் சுரம் சுரமாக வாசித்து ஒலிப்பதிவு செய்து வைக்கிறார்கள். இப்பதிவுகளுக்கு 'சாம்பிள்' என்று பெயர். நாம் கட்டையை அழுத்தியதும் அதற்குரிய பதிவு ஒலிக்கிறது.

இந்த வளர்ச்சியிலும் பார்வையற்ற ஒருவருக்குப் பங்கு உண்டு. அமெரிக்க அறிஞர் ரே கர்ஸ்வைல் 1976-இல் அச்சு நூலை உரக்கப் படிக்கும் பொறியை அறிமுகம் செய்தார். அதை வாங்கிய பார்வையற்ற இசைமேதை ஸ்டீவி வொண்டர் அவருக்கு நண்பரானார். மின்னணுக் கருவியின் வசதியும் உண்மைக் கருவியின் நாதமும் ஒன்றுசேரக் கூடாதா என்று 1982-இல் இருவரும் உரையாடினர். அதன் பயனாக 1984-இல் 'கர்ஸ்வைல் 250' பிறந்தது.

பின் இன்னும் என்ன குறை என்று கேட்கலாம். அதை அறிய நாங்கள் சில மாணவியர் ஒரு சோதனை செய்தோம். கணிப்பொறியின் திரையை அணைத்துவிட்டு, திரையில் உள்ளதைப் பேசிக் காட்டும் மென்பொருளின் துணையோடு ஒரு வயலின் ஒலியைத் தேடினோம். பாடல் பதியும் மென்பொருள் நன்றாகப் பேசியது. கருவியின் பக்கத்தைத் திறந்ததும் மௌனம்! காரணம் எளியது. பேசும் மென்பொருள் எழுத்தையும், பெயரிட்ட பொத்தானையுமே படிக்கும். கருவியைச் செய்தவர்களோ பொத்தான்களை வெறும் படங்களாக வரைந்துவிடுகிறார்கள். கால் மணி நேரத்தில் நாங்கள் திரையைப் போட்டுவிட்டோம். பார்வையற்றவர் என்ன செய்வார்? ஒவ்வொரு முறையும் அண்ணனையோ தம்பியையோ அழைக்க வேண்டும். பாட்டு அவருடையது, ஒலியைத் தேர்ந்தெடுப்பவர் வேறொருவர். இது சிறிய இழப்பன்று.

ஆகவே ஒரு கருவி ஒலியைத் தேர்ந்தெடுக்கையில் இரு கேள்விகள் கேட்க வேண்டும்.

முதலாவது, அது உண்மையாக ஒலிக்கிறதா? இதற்குக் காதே நீதிபதி. ஒரே கட்டையை மெதுவாகத் தொடங்கிப் படிப்படியாக அழுத்தி வாசிக்க வேண்டும். ஓசை மட்டும் பெருகினால் போதாது. நாதத்தின் தன்மையும் மாற வேண்டும். சாலமண்டர் என்னும் இலவசப் பியானோவில் பதிவான ஒவ்வொரு சுரத்துக்கும் 16 அழுத்த நிலைகள் உள்ளன. அடுத்து, அதே கட்டையை வேகமாக எட்டு முறை தட்ட வேண்டும். எட்டும் அச்சாக ஒன்றுபோல் ஒலித்தால் அது இயந்திரம் என்பது தெரிந்துவிடும். நல்ல தொகுப்புகளில் ஒரே சுரத்துக்குப் பல பதிவுகள் மாறிமாறி வரும்.

இரண்டாவது, பிறர் துணையின்றி அதை இயக்க முடியுமா? ஒலிகளின் பட்டியலில் அம்புக்குறி விசையால் நகர முடிகிறதா, பெயர்கள் பேசப்படுகின்றனவா என்று பார்க்க வேண்டும். எஸ்.எஃப்.இசட். என்னும் வகைத் தொகுப்பு எந்தக் கட்டைக்கு எந்தப் பதிவு என்பதைச் சாதாரண எழுத்துக் கோப்பாகவே வைத்திருக்கிறது. அதை வரி வரியாகக் கேட்கலாம், திருத்தலாம். 1991-இல் வந்த பொது மிடி விதிப்படி 128 ஒலிகளுக்கு எண்கள் உண்டு: 1 பியானோ, 41 வயலின், 105 சித்தார். எண் தெரிந்தால் படம் வேண்டியதில்லை.

துணைக் கருவிகளும் உள்ளன. ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற மைக்கேல் கரன் 2006-இல் தொடங்கிய என்.வி.டி.ஏ. என்னும் பேசும் மென்பொருள் இலவசம். ரீப்பர் என்னும் பதிவு மென்பொருளோடு ஒசாரா என்னும் இலவச இணைப்பைச் சேர்த்தால், கருவியின் பல திருகுகளைப் பெயரும் அளவும் கொண்ட பட்டியலாகக் கேட்டு மாற்றலாம். ஆப்பிள் கணிப்பொறியில் 2005 முதல் வாய்ஸ் ஓவர் உடன் வருகிறது. கராஜ் பேண்டை அதன் துணையோடு இயக்கலாம்.

விலை மிகுந்த தொகுப்பு என்பதற்காகவே அது சிறந்ததாகிவிடாது. ஆயிரம் ஒலிகள் பூட்டிய அலமாரியில் இருப்பதைவிட, கைக்கு எட்டும் பத்து ஒலிகள் மேல். ஆகவே வாங்குமுன் சோதனைப் பதிப்பை இயக்கிப் பார்ப்பதே அறிவுடைமை.

நம்மில் சிலர் நாளை பொறியியல் கற்று மென்பொருள் எழுதக் கூடும். அன்று நாம் வரையும் ஒவ்வொரு பொத்தானுக்கும் மறவாமல் ஒரு பெயர் கொடுப்போம். அந்த ஒரு சொல்லால், எங்கோ ஒரு வீட்டில் ஒருவர் யாரையும் அழைக்காமல் தம் பாடலைத் தாமே முடிப்பார்.