ஒரு நாற்காலிக்கு இரண்டு நோட்டு

நாடகம் தொடங்க நான்கு நிமிடம் இருக்கும்போது என் இருக்கையைத் தேடிப் போனால், அதில் ஒருவர் சாவகாசமாக உட்கார்ந்திருக்கிறார். பெங்களூரில் ஓர் அரங்கம், பெயர் வேண்டாம். அவரிடம் கவுன்ட்டரில் கிழித்துக் கொடுத்த தாள் டிக்கெட். என் கைபேசியில் கியூஆர் குறியீடு. இரண்டிலும் எஃப் 12. இரண்டும் அசல்தான். கவுன்ட்டர்காரர் ஒரு கணக்கு நோட்டைப் பார்த்து விற்றார். இணையதளம் வேறொரு நோட்டைப் பார்த்து விற்றது. சிக்கல் அவ்வளவுதான்.

இந்த ஊரில் அரங்கம் ஒருவருடையது, நிகழ்ச்சி இன்னொருவருடையது, டிக்கெட் விற்கும் தளம் மூன்றாமவருடையது என்பது சகஜம். வயலின் வடிவில் கட்டிய சௌடையா நினைவு அரங்கில் இன்று ஒரு சங்கம் வாடகைக்கு எடுத்துக் கச்சேரி நடத்தும், நாளை வேறொரு சங்கம். புரவலர் பாஸ், மாணவர் சலுகை, கவுன்ட்டர் விற்பனை என்று ஆளுக்கொரு கணக்கு. முன்பெல்லாம் இதற்கு எளிய வழி ஒன்று உண்டு: இணையத்துக்கு 100 இருக்கை, கவுன்ட்டருக்கு 100 என்று பாகம் பிரித்துவிடுவது. சண்டை வராது. ஆனால் இணையத்தில் ‘ஹவுஸ்ஃபுல்’ என்று காட்டும். உள்ளே போனால் நாலு வரிசை காலியாகக் கிடக்கும்.

இந்தத் தலைவலியை முன்பே பட்டவர்கள் விமானக் கம்பெனிக்காரர்கள். அமெரிக்கன் ஏர்லைன்ஸில் 1950-களில்கூட இருக்கைக் கணக்கு அட்டைகளில்தான் இருந்தது. சுழலும் ஒரு தட்டில் அட்டைப் பெட்டிகளை அடுக்கி, சுற்றிலும் எட்டுப் பேர் உட்கார்ந்து தேடுவார்கள். ஒன்பதாவது ஆளுக்கு இடமில்லை! ஐபிஎம் நிறுவனத்தோடு சேர்ந்து அவர்கள் உருவாக்கிய ‘சேபர்’ என்ற கணினி முன்பதிவு முறை 1960-களில் அந்தத் தட்டை ஓரங்கட்டியது. நம் ரயில்வே 1985-ல் டெல்லியில் கணினி முன்பதிவைத் தொடங்கியது. 2002-ல் இணையத்துக்கு வந்தபோது, டிக்கெட் என்னவோ கூரியரில்தான் வீட்டுக்கு வந்தது.

எல்லாவற்றிலும் சூட்சுமம் ஒன்றே: விற்கும் வாசல் எத்தனை இருந்தாலும், நோட்டு ஒன்றுதான் இருக்க வேண்டும். அந்த நோட்டில் எஃப் 12-க்கு மூன்று நிலை. காலி, பிடித்துவைத்தது, விற்றது. நீங்கள் திரையில் அதைத் தொட்டதும் ‘காலியாக இருந்தால் எனக்குப் பிடித்துவை’ என்று ஒரு கட்டளை போகிறது. பார்ப்பதும் பிடிப்பதும் ஒரே மூச்சில் நடந்தாக வேண்டும். பார்த்துவிட்டு, ஒரு நொடி கழித்துப் பிடித்தால் அந்த இடைவெளியில் கவுன்ட்டர்காரர் புகுந்துவிடுவார். அதனால் தரவுத்தளம் அந்த ஒரு வரியைப் பூட்டிக்கொண்டு, நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு இடைவெளியில் வந்தவர்களைக்கூட வரிசையில் நிறுத்துகிறது. முதலில் வந்தவருக்கு நாற்காலி. அடுத்தவருக்குக் கைவிரிப்பு. இப்படிப் பார்ப்பதையும் பிடிப்பதையும் பிரிக்க முடியாத ஒரே செயலாக்கும் பரிவர்த்தனைக் கோட்பாட்டை வகுத்தவர்களில் முக்கியமானவரான கணினி அறிஞர் ஜிம் கிரேவுக்கு 1998-ல் கணினித் துறையின் டூரிங் விருது கிடைத்தது.

பிடித்தாயிற்று. இனி பணம். பெரிய குழப்பமே இங்கேதான். வங்கி பணத்தை எடுத்துவிடும். எடுத்ததைச் சொல்லும் செய்தி மட்டும் வழியில் தொலைந்துவிடும். நாம் பதறிப்போய் மறுபடி பொத்தானை அமுக்குவோம். ஒவ்வொரு வாங்கலுக்கும் ஒரு தனி எண் இருந்து, மறுபடி அமுக்கும்போதும் அதே எண் போனால்தான் ‘இது பழைய ஆள், இரண்டாவது டிக்கெட் இல்லை’ என்று மறுமுனைக்குப் புரியும். டீக்கடையில் ஒரு டீயை இரண்டு தரம் கத்திச் சொன்னாலும், பழகிய மாஸ்டர் ஒன்றுதான் போடுவார், அது மாதிரி.

டிக்கெட் விற்ற பிறகும் நோட்டுக்கு வேலை இருக்கிறது. பெங்களூர் ஜே.பி. நகரில் 2004-ல் திறந்த ரங்க சங்கரா நாடக அரங்கில் நேரம் கடந்து வருபவரை உள்ளே விடுவதில்லை என்பது ஊரறிந்த கண்டிப்பு. அப்படிப்பட்ட இடத்தில் வாசலில் நின்று வழக்காட முடியுமா? குறியீட்டைக் காட்டியதும் ‘உள்ளே போனார்’ என்று நோட்டில் ஏற வேண்டும். அதே குறியீட்டின் படத்தை நண்பருக்கு அனுப்பியிருந்தால், முதலில் வந்தவருக்குத்தான் வழி.

இருக்கைக் கணக்கைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. டிக்கெட்டை வெளித்தளம் விற்றால், வந்தவர் யார் என்பதும் அங்கேயே தங்கிவிடலாம். போன வருஷம் வந்த ரசிகர் இந்த வருஷம் ஏன் வரவில்லை என்று சங்கத்துக்குத் தெரியாது. நியூயார்க் மெட்ரோபாலிடன் ஓபரா, டிக்கெட்டையும் நன்கொடையையும் சந்தாவையும் ஒரே நோட்டில் வைக்கத் தனக்கென்று மென்பொருள் எழுதிக்கொண்டது. அதுதான் பிறகு டெஸ்ஸிடுரா என்ற பெயரில் பல கலை அமைப்புகளுக்குப் பொதுவானது. நம் சங்கங்கள் இருக்கைப் பட்டியலை இணைக்கும்போதே ரசிகர் பட்டியலையும் கேட்டு வாங்க வேண்டும்.

அன்று எஃப் 12 அவருக்கே போயிற்று. எனக்கு ஓரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள்.

கடைசியாக ஒன்று. இணையத்தில் இருக்கையைப் பிடித்துவைத்ததும் திரையின் மூலையில் நிமிடம் குறைந்துகொண்டே வரும், கவனித்திருப்பீர்கள். அத்தனை நேரமும் அந்த நாற்காலியை வேறு யாரும் தொட முடியாது. வாங்கும் எண்ணம் இல்லையென்றால் அப்படியே விட்டுவிட்டுப் போகாமல் ரத்து செய்துவிடுங்கள்.