அஸ்தம்பட்டியைத் தாண்டும் பஸ்

சேலத்திலிருந்து ஏற்காடு போகிற பஸ் அஸ்தம்பட்டி, கோரிமேடு தாண்டி அடிவாரம் வந்ததும் கியரை மாற்றும். அதற்கு மேல் 20 கொண்டை ஊசி வளைவுகள். சுற்றுலா வருகிறவர்கள் அடிவாரத்தில்தான் ஜன்னல் பக்கம் திரும்புவார்கள். தூக்குத் தண்டனையை ஆராயும் அரசியல் அறிவியல் ஆசிரியர் ஒருவர் அந்த பஸ்ஸில் இருந்தால் அஸ்தம்பட்டியிலேயே எட்டிப் பார்த்திருப்பார். மத்திய சிறை அங்கேதான், நீதிமன்றமும் அங்கேதான். ஆட்டோ சங்கர் 1995 ஏப்ரல் 27 அன்று தூக்கிலிடப்பட்டது அந்தச் சிறையில். தமிழ்நாட்டில் அதற்குப் பிறகு யாரும் தூக்கில் ஏற்றப்படவில்லை. ஆனால் தூக்குத் தண்டனை விதிப்பது நிற்கவில்லை.

தீர்ப்பைப் படிப்பது சட்டக் கல்லூரிக்காரர்கள் வேலையாயிற்றே, அரசியல் அறிவியல்காரர்களுக்கு அங்கே என்ன? வக்கீல் தீர்ப்பைப் புரட்டும்போது அது மேலே போனால் நிற்குமா என்று பார்ப்பார். இவர்கள் கேட்பது வேறு. எந்த பெஞ்ச், எத்தனை நீதிபதிகள், எந்த வருடம், அந்த நாற்காலிக்கு அவர்கள் எப்படி வந்தார்கள்? அமெரிக்காவின் கென்டக்கி பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியல் கற்பித்த ஜார்ஜ் கட்பாய்ஸ் இந்தக் கேள்வியோடு பல பத்தாண்டுகள் நம் உச்ச நீதிமன்றத்தையே சுற்றி வந்தார். நீதிபதிகளை நேரில் கண்டு பேசினார். 1950 முதல் 1989 வரை பதவிக்கு வந்த 93 பேரைப் பற்றிய அவருடைய புத்தகம் 2011இல் வந்தது.

இதே கண்ணைத் தூக்குத் தண்டனைப் பக்கம் திருப்பியவர் ஆஸ்திரேலியச் சட்டப் பேராசிரியர் பிளாக்‌ஷீல்ட். 1970களில் உச்ச நீதிமன்றம் தீர்த்த வழக்குகளை அடுக்கிப் பார்த்து 1979இல் எழுதினார். யாருக்குத் தூக்கு, யாருக்கு ஆயுள் என்பதில் அவருக்கு ஒரு சீரான விதி தட்டுப்படவில்லை. ‘அரிதினும் அரிதான வழக்கில்தான் தூக்கு’ என்ற அளவுகோல் பிறந்தது 1980இல், பச்சன் சிங் வழக்கில். ஐந்து பேர் பெஞ்சில் தனித்து நின்று மாறுபட்ட நீதிபதி பகவதி, தன் காரணங்களை எழுதியபோது பிளாக்‌ஷீல்டின் ஆய்வைக் கையில் எடுத்துக்கொண்டார். 2008இல் தமிழ்நாடு, புதுச்சேரி மக்கள் சிவில் உரிமைக் கழகமும் ஆம்னஸ்டியும் சேர்ந்து 1950 முதல் 2006 வரையிலான உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளை ஆராய்ந்து வெளியிட்ட அறிக்கையின் தலைப்பிலேயே லாட்டரி என்ற சொல் இருந்தது.

லாட்டரி என்றால் மிகையாகத் தோன்றலாம். அஸ்தம்பட்டிக்கே, அங்கே தீர்ப்பான ஒரு வழக்குக்கே திரும்புவோம். கொடைக்கானல் ஹோட்டல் வழக்கில் ஜெயலலிதாவுக்கு 2000 பிப்ரவரி 2 அன்று ஒரு வருடச் சிறை (பின்னால் மேல்முறையீட்டில் விடுதலையானார்). அன்றைக்கே தர்மபுரி இலக்கியம்பட்டியில், கல்விச் சுற்றுலா முடித்துத் திரும்பிக்கொண்டிருந்த கோவை வேளாண் பல்கலைக்கழக பஸ்ஸுக்கு அ.தி.மு.க.வினர் தீ வைத்தார்கள். மூன்று மாணவியர் உள்ளேயே கருகிப் போனார்கள். கிருஷ்ணகிரியில் நடந்த வழக்கைச் சேலத்துக்கு மாற்ற வைத்தது, இறந்த மாணவி ஒருவரின் தந்தை உயர் நீதிமன்றத்தில் போட்ட மனு.

2007 பிப்ரவரியில் சேலம் நீதிமன்றம் மூன்று பேருக்குத் தூக்கு விதித்தது. அது அங்கேயே முடிகிற காரியமில்லை. செஷன்ஸ் கோர்ட் தூக்கு விதித்தால், குற்றவாளி அப்பீல் போனாலும் போகாவிட்டாலும், உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தாக வேண்டும். கட்டு சென்னைக்குப் போனது, அதே வருடம் டிசம்பரில் உறுதியானது. 2010 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. அப்போது பெஞ்சில் இருவர்.

முன்பெல்லாம் மறுசீராய்வு மனுவை நீதிபதிகள் அறைக்குள்ளேயே பார்த்து முடித்துவிடுவார்கள், வக்கீல் வாய் திறக்க வழியில்லை. தூக்கு வழக்கென்றால் திறந்த நீதிமன்றத்தில், மூன்று நீதிபதிகள் முன், வாதம் கேட்க வேண்டும் என்று 2014இல் அரசியல் சாசன பெஞ்ச் சொன்னது. அந்தக் கதவு வழியாக உள்ளே போன தர்மபுரி வழக்கில் 2016 மார்ச்சில் தூக்கு ஆயுளானது. கும்பல் வெறியில் நடந்தது, அந்தப் பெண்களைக் கொல்லவே திட்டமிட்டு வந்தவர்கள் அல்ல என்றது நீதிமன்றம். சாட்சி அதே சாட்சி, எரிந்த பஸ்ஸும் அதேதான். மாறியது நடைமுறையும் பெஞ்சும். இதைச் சொன்னால் பிள்ளைகளை இழந்த வீட்டில் என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும், ஆய்வாளருக்கும் தெரிந்திருக்கும்.

இந்த ஏற்ற இறக்கம் தர்மபுரி வழக்கோடு நிற்கவில்லை. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998இல் தடா நீதிமன்றம் 26 பேருக்குத் தூக்கு விதித்தது. அடுத்த வருடம் உச்ச நீதிமன்றத்தில் அது நான்கானது. 2014க்குள் ஒன்றுமில்லாமல் போனது. பாலாறு குண்டுவெடிப்பு வழக்கோ தலைகீழ்: மைசூர் தடா நீதிமன்றம் ஆயுள் கொடுத்த நான்கு பேரின் தண்டனையை 2004இல் உச்ச நீதிமன்றமே தூக்காக உயர்த்தி, கருணை மனுத் தாமதத்தைக் காரணமாக்கி 2014இல் திரும்ப ஆயுளாக்கியது.

தர்மபுரி வழக்கின் மூவரும் 2018 நவம்பரில் வேலூர் சிறையிலிருந்து வெளியே வந்தார்கள். அதில் நீதிமன்றத்துக்கு வேலையில்லை. எம்.ஜி.ஆர். நூற்றாண்டை ஒட்டி அரசு பரிந்துரைத்தது, ஆளுநர் கையெழுத்திட்டார்.